மரக்காணம் உமரிச் செடியில் விமானம் பறக்குமா? பசுமை விமான எரிபொருள் ஏன் இவ்வளவு விலை?

சென்னையில் இருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி போகிறவர்கள், மரக்காணத்தைத் தாண்டும்போது வெயிலில் மின்னும் உப்புப் பாத்திகளையும் கரையில் குவிந்து கிடக்கும் உப்பு அம்பாரங்களையும் பார்த்திருப்பார்கள். இந்த உப்பளப் பகுதியிலும், பக்கத்தில் இருக்கும் கழுவேலியின் உவர்நிலத்திலும் கணுக்கணுவாகத் தண்டு தடித்த ஒரு செடி முளைத்துக் கிடக்கும். உமரி என்பார்கள். மற்ற செடி கருகிப் போகிற உப்பில் இது செழிப்பாக நிற்கும். கீரையாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர்களும் உண்டு.

இந்த உமரியின் நெருங்கிய சொந்தக்காரச் செடி ஒன்றின் விதையில் இருந்து எண்ணெய் எடுத்து, அதை எரிபொருளாக்கி, வழக்கமான விமான எரிபொருளோடு கலந்து 2019 ஜனவரியில் ஒரு பயணிகள் விமானம் பறந்தது. எத்திஹாட் நிறுவனத்தின் போயிங் 787, அபுதாபியில் இருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு. கலந்தது கொஞ்சம்தான் என்றாலும், கடல்நீரில் வளர்ந்த செடியின் எண்ணெயில் விமான இன்ஜின் ஓடும் என்பது அன்று உறுதியானது.

அப்படின்னா மரக்காணத்தில் ஏன் செய்யக்கூடாது? நல்ல கேள்விதான். பதில் சொல்வதற்கு முன், விமான நிறுவனங்கள் எரிபொருளை நினைத்து ஏன் இவ்வளவு கவலைப்படுகின்றன, பசுமை எரிபொருளின் விலை எங்கே ஏறுகிறது என்பதைப் பார்த்துவிடுவோம்.

ஒரு சீட்டுக்கு எத்தனை லிட்டர்?

சென்னையில் இருந்து டெல்லிக்குப் போகும் ஏர்பஸ் ஏ320 ரக விமானம், ஒருமுறை போக சுமார் 6 டன் எரிபொருள் எரிக்கும். 180 இருக்கைக்கு வகுத்தால் ஒரு சீட்டுக்கு 33 கிலோ, அதாவது சுமார் 42 லிட்டர். ஒரு கிலோ எரிபொருள் எரிந்தால் 3.16 கிலோ கரியமில வாயு வெளியே வரும். எரிபொருளின் எடையைவிட வாயுவின் எடை எப்படி மூன்று மடங்கு ஆகிறது என்று கேட்கலாம். எரியும்போது காற்றில் இருக்கும் ஆக்சிஜனும் சேர்ந்துகொள்கிறது, அதனால்தான்.

இந்திய விமான நிறுவனங்களின் மொத்தச் செலவில் 30 முதல் 40 சதவீதம் எரிபொருளுக்கே போகிறது. விமான எரிபொருள் இன்னும் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. மத்திய அரசு 11 சதவீதம் கலால் வரி போடுகிறது. அதற்கு மேல் மாநிலங்கள் தங்கள் இஷ்டத்துக்கு வாட் வரி போடுகின்றன. தமிழ்நாட்டில் இந்த வரி 29 சதவீதம்; நாட்டிலேயே அதிகம் வாங்கும் மாநிலங்களில் நாமும் ஒன்று. 2025-ல் சென்னையில் உள்நாட்டு விமானங்களுக்கான எரிபொருள், ஒரு கிலோலிட்டர் சுமார் 85 ஆயிரத்தில் இருந்து 1 லட்சம் ரூபாய் வரை ஏறி இறங்கியது. அதில் ஏறக்குறைய 30 சதவீதம் வரிதான்.

வரி விஷயத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒரு ஊரில் எரிபொருள் மலிவு, இன்னொரு ஊரில் விலை அதிகம் என்றால், விமானம் மலிவான ஊரிலேயே தேவைக்கு மேல் நிரப்பிக்கொண்டு வரும். டேங்கரிங் என்று சொல்வார்கள். அந்தக் கூடுதல் சுமையைத் தூக்கவும் எரிபொருள் வேண்டுமே! ஒரு மணி நேரப் பறப்புக்கு, கூடுதலாக ஏற்றியதில் 3 முதல் 4 சதவீதம் வரை அதைச் சுமப்பதற்கே செலவாகிவிடும். நிறுவனத்துக்குப் பணம் மிச்சம், வானத்துக்குப் புகை அதிகம்.

சிக்கனம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது?

ரொம்ப தூரம் வந்திருக்கிறது. 1960-களின் ஜெட் விமானங்களோடு ஒப்பிட்டால், ஒரு சீட்டை ஒரு கிலோமீட்டர் கொண்டு போக ஆகும் எரிபொருள் இன்று ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிட்டது என்பது விமானத் துறையின் கணக்கு. இந்தியாவில் பெரிய மாற்றம் 2016-ல் வந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் இண்டிகோ தன் முதல் ஏ320 நியோ விமானத்தை வாங்கியது. பழைய ஏ320-ஐவிட இது 15 முதல் 20 சதவீதம் வரை குறைவாகக் குடிக்கும்.

சின்னச் சின்ன வழிகளும் உண்டு. இறக்கை நுனியை மேல்நோக்கி வளைப்பது, அதாவது ஷார்க்லெட், நீண்ட பயணத்தில் 4 சதவீதம் வரை மிச்சம் தரும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும்போது ஒரே இன்ஜினில் போவது, இன்ஜினை அடிக்கடி தண்ணீர் விட்டுக் கழுவுவது, விமானிகள் தூக்கிக்கொண்டு போன காகிதக் கட்டுகளுக்குப் பதிலாக டேப்லெட் கொடுப்பது என்று பட்டியல் நீளும். 2013-ல் கோஏர் நிறுவனம், இனி விமானப் பணிக்குப் பெண்களை மட்டுமே எடுப்போம், அவர்கள் எடை குறைவு, எரிபொருள் மிச்சமாகும் என்று சொல்லிப் பரபரப்பைக் கிளப்பியது. சிக்கனம் எந்த அளவுக்குத் தலைக்கேறும் என்பதற்கு உதாரணமாக இதைச் சொல்லலாம்.

அதே கோஏர், பின்னாளில் கோ ஃபர்ஸ்ட் என்று பெயர் மாற்றிக்கொண்டு, எரிபொருள் சிக்கனத்துக்காகவே வடிவமைக்கப்பட்ட பிராட் அண்ட் விட்னி இன்ஜின்கள் பொருத்திய நியோ விமானங்களை ஓட்டியது. இன்ஜின்கள் அடிக்கடி பழுதாகி, மாற்று இன்ஜின் வராமல் பாதி விமானங்கள் தரையில் நிற்கின்றன என்று சொல்லி 2023 மே மாதம் திவால் மனு கொடுத்தது. இன்ஜின் நிறுவனம் அந்தக் குற்றச்சாட்டை மறுத்தது. சில மாதங்களுக்குள்ளேயே, அதே வகை இன்ஜின்களின் சில உலோகப் பாகங்களைத் தயாரித்ததில் குறை இருப்பதாக அந்த நிறுவனத்தின் தரப்பே அறிவித்தது. அதன் பிறகு இண்டிகோவிலும் பல டஜன் விமானங்கள் மாதக்கணக்கில் தரையில் நின்றன. கோ ஃபர்ஸ்ட் மீண்டு வரவே இல்லை. 2025 ஜனவரியில் அதைக் கலைக்க உத்தரவு வந்தது.

புதிய இன்ஜின் எரிபொருளை மிச்சப்படுத்தும், உண்மைதான். ஆனால் அதிக வெப்பத்திலும் அதிக அழுத்தத்திலும் ஓடுவதால் பராமரிப்பு கடினம். இந்தச் செலவு எந்த விளம்பரத்திலும் வருவதில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. 2014-ல் இந்தியாவுக்குள் விமானத்தில் போனவர்கள் சுமார் 6.7 கோடி. 2024-ல் 16.1 கோடி. பயணம் இரண்டு மடங்குக்கு மேல் பெருகியிருக்கிறது; விமானத்தின் சிக்கனம் கூடியது 15, 20 சதவீதம்தான். ஒரு சீட்டுக்கான புகை குறைந்தாலும் மொத்தப் புகை கூடிக்கொண்டே போகிறது. காருக்கு பேட்டரி வைத்த மாதிரி இதற்கும் வைக்க முடியாதா என்றால், டெல்லி போகும் அளவுக்குச் சக்தி தரும் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு இந்த விமானம் தரையைவிட்டே எழாது. அதனால்தான் எல்லோரும் எரிபொருளையே மாற்றப் பார்க்கிறார்கள்.

எஸ்ஏஎஃப் என்றால் என்ன?

சஸ்டெய்னபிள் ஏவியேஷன் ஃப்யூயல் என்பதன் சுருக்கம். நம்ம மொழியில் நீடித்த விமான எரிபொருள் எனலாம். மண்ணெண்ணெய் வகை எரிபொருளேதான். ஆனால் பூமிக்கு அடியில் இருந்து எடுத்த கச்சா எண்ணெயில் இருந்து வராது. பொரித்து முடித்த சமையல் எண்ணெய், எத்தனால், விவசாயக் கழிவு, செடி எண்ணெய் போன்றவற்றில் இருந்து தயாராகும்.

எஸ்ஏஎஃப் எரிந்தாலும் இன்ஜினின் பின்பக்கம் கிட்டத்தட்ட அதே அளவு கரியமில வாயுதான் வெளியே வரும். பலரும் குழம்புவது இந்த இடத்தில்தான். வித்தியாசம் அந்த வாயு எங்கிருந்து வந்தது என்பதில் இருக்கிறது. செடி வளரும்போது காற்றில் இருந்து எடுத்த கரியமிலம் மறுபடி காற்றுக்கே போகிறது. பயிரிடுவது, ஆலையில் சுத்திகரிப்பது, லாரியில் கொண்டு போவது எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்தால், நல்ல ரக எஸ்ஏஎஃப் 80 சதவீதம் வரை மாசைக் குறைக்கும். காட்டை வெட்டி எண்ணெய்ப் பனை நட்டு எடுத்தால் அந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகிவிடும். அதனால் எந்தக் கச்சாப்பொருள், எந்த நிலத்தில் இருந்து வந்தது என்பதற்குச் சான்றிதழ் கேட்கிறார்கள்.

விமானத்தையோ இன்ஜினையோ மாற்ற வேண்டியதில்லை. இப்போதைய விதிப்படி அதிகபட்சம் 50 சதவீதம் வரை கலக்கலாம். பழைய எரிபொருளில் இருக்கும் சில சேர்மங்கள் ரப்பர் சீல்களை உப்ப வைத்துக் கசிவைத் தடுக்கின்றன. எஸ்ஏஎஃபில் பெரும்பாலும் அவை இல்லை. பாதிக்கு மேல் போகாததற்கு முக்கியக் காரணம் அதுதான்.

இந்தியாவுக்கு இது புதிது அல்ல. 2018 ஆகஸ்டில் ஸ்பைஸ்ஜெட் விமானம் ஒன்று டேராடூனில் இருந்து டெல்லிக்குக் காட்டாமணக்கு எண்ணெயில் தயாரான எரிபொருள் கலந்து பறந்தது. தயாரித்தது டேராடூனில் உள்ள இந்திய பெட்ரோலிய ஆய்வு நிறுவனம். 2023 மே மாதம் புனேவில் இருந்து டெல்லிக்கு ஏர்ஏசியா இந்தியா விமானம், கரும்பு ஆலைக் கழிவுப்பாகில் இருந்து வந்த எரிபொருளைக் கலந்து பயணிகளோடு போனது.

விலை எங்கே ஏறுகிறது?

ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை 2024-க்கு வெளியிட்ட விலையைப் பார்ப்போம். வழக்கமான விமான எரிபொருள் ஒரு டன் 734 யூரோ. எண்ணெய், கொழுப்பில் இருந்து வரும் எஸ்ஏஎஃப் 2,085 யூரோ. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. காற்றில் இருந்து கரியமிலம், மின்சாரத்தில் இருந்து ஹைட்ரஜன் என்று எடுத்துத் தயாரிக்கும் செயற்கை எரிபொருளுக்கு அந்த முகமை மதிப்பிட்ட விலை 7,000 யூரோவையும் தாண்டுகிறது.

ஆலை கட்டும் செலவு, ஹைட்ரஜன் செலவு, சான்றிதழ் செலவு எல்லாம் இதில் சேரும். ஆனாலும் பெரிய பங்கு கச்சாப்பொருளுடையது. கச்சா எண்ணெய் ஓரிடத்தில் கிணறு தோண்டினால் கப்பல் கப்பலாக வரும். பழைய சமையல் எண்ணெயைக் கடை கடையாகப் போய் கேனில் வாங்க வேண்டும். செடி எண்ணெய்க்கு நிலம், தண்ணீர், ஆள் வேண்டும். உற்பத்தி பெருகப் பெருக விலை சரியும் என்று சூரிய மின்தகட்டை உதாரணம் காட்டுகிறவர்கள் உண்டு. மின்தகட்டுக்கு வெயில் இலவசம். இங்கே கச்சாப்பொருளுக்குப் போட்டி கூடினால் அதன் விலையும் கூடவே ஏறும். எனவே அந்த ஒப்பீடு பாதிதான் பொருந்தும்.

இன்னொரு பக்கம், விமான நிறுவனங்களின் லாபம் மெல்லியது. 2025-ல் ஒரு பயணிக்கு 7 டாலர் சொச்சம்தான் நிகர லாபம் என்று சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா மதிப்பிட்டது. மூன்று மடங்கு விலை எரிபொருளைத் தானாக முன்வந்து யாரும் வாங்க மாட்டார்கள். 2024-ல் உலகம் முழுக்கத் தயாரான எஸ்ஏஎஃப் 10 லட்சம் டன். மொத்த விமான எரிபொருளில் வெறும் 0.3 சதவீதம்.

எனவே அரசுகள் கட்டாயப்படுத்துகின்றன. ஐரோப்பிய ஒன்றிய விமான நிலையங்களில் 2025 முதல் 2 சதவீதம், 2030-ல் 6, 2050-ல் 70 சதவீதம் கலந்தாக வேண்டும். இந்தியா சர்வதேச விமானங்களுக்கு மட்டும் 2027-ல் 1 சதவீதம், 2028-ல் 2, 2030-ல் 5 சதவீதம் என்று இலக்கு வைத்திருக்கிறது. 2027-க்குக் காரணம் இருக்கிறது. சர்வதேச விமான மாசுக்கு ஈடு கட்டும் கோர்சியா ஏற்பாடு அந்த ஆண்டில்தான் இந்தியாவுக்கும் கட்டாயமாகிறது.

டிக்கெட்டில் எவ்வளவு கூடும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சென்னை – சிங்கப்பூர் பயணத்துக்கு ஒரு சீட்டுக்கு சுமார் 50 கிலோ எரிபொருள் என்று வைத்துக்கொள்ளலாம். மேலே சொன்ன ஐரோப்பிய விலைப்படி, ஒரு கிலோ எஸ்ஏஎஃபுக்குக் கூடுதலாகும் செலவு 1.35 யூரோ. ஒரு யூரோ 100 ரூபாய் என்று எடுத்துக்கொண்டால் 135 ரூபாய். 1 சதவீதம் கலந்தால் அரை கிலோ. கூடுதல் செலவு 70 ரூபாய்க்குள். 5 சதவீதம் என்றால் 340 ரூபாய் வரும். 70 சதவீதம் என்றால் 4,700 ரூபாய். 2024 விலையை அப்படியே வைத்துப் போட்ட கணக்கு இது.

சிங்கப்பூர் இதைப் பயணியிடம் நேரடியாகவே வசூலிக்க முடிவு செய்தது. 2025 நவம்பரில் அறிவித்தபடி, அங்கிருந்து தெற்காசியாவுக்குப் புறப்படும் எகானமி வகுப்புப் பயணிக்கு 2 வெள்ளி 80 காசு. பிசினஸ் வகுப்புக்கு அதைப் போல நாலு மடங்கு, அவர்கள் அடைக்கும் இடம் அதிகம் என்பதால். அங்கே வேலை பார்த்துவிட்டுப் பொங்கலுக்கு ஊர் திரும்புகிறவருக்கு நம்ம பணத்தில் 200 ரூபாய்க்குள் முடியும். தொகை சின்னதுதான். ஆனால் ‘எரிபொருள் கட்டணம்’ என்று டிக்கெட்டில் மொத்தமாகப் போட்டு மறைக்காமல் இதற்கு இவ்வளவு என்று தனியாகக் காட்டுகிறார்கள் பாருங்கள், அந்த வழக்கம் இங்கேயும் வந்தால் தேவலை.

விழுப்புரம் மாவட்டத்தில் என்ன இருக்கிறது?

மரக்காணம் இருக்கும் விழுப்புரம், கரும்புக்குப் பேர் போன மாவட்டம். முண்டியம்பாக்கம், பெரியசெவலை என்று ஆலைகள் உண்டு. கரும்பு என்றால் கழிவுப்பாகு, கழிவுப்பாகு என்றால் எத்தனால், எத்தனாலில் இருந்து விமான எரிபொருள். வழி நேராகத்தான் தெரிகிறது.

ஆனால் வேதியியல் ஒரு பங்கைப் பிடுங்கிக்கொள்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலின் எடை சுமார் 790 கிராம். அதில் இருந்து நீரைப் பிரித்து எத்திலீனாக மாற்றினால், எவ்வளவு திறமையாகச் செய்தாலும் 480 கிராமுக்கு மேல் மிஞ்சாது. விமான எரிபொருள் லிட்டருக்கு 800 கிராம். ஆக ஒரு லிட்டருக்குக் குறைந்தது 1.67 லிட்டர் எத்தனால் வேண்டும். 2024-25 எத்தனால் ஆண்டில் எண்ணெய் நிறுவனங்கள் கொடுத்த கொள்முதல் விலை, கடைசிக் கழிவுப்பாகில் இருந்து வந்ததற்கு லிட்டர் 57 ரூபாய் 97 காசு. கரும்புச் சாற்றில் இருந்து வந்ததற்கு 65 ரூபாய் 61 காசு. பெருக்கினால் 97 முதல் 110 ரூபாய். ஆலைச் செலவு ஒரு பைசா சேர்க்காமலே, வரி உள்பட 2025-ல் விற்ற எரிபொருளின் விலையை எட்டிவிடுகிறது. போதாக்குறைக்கு, பெட்ரோலில் 20 சதவீதம் கலக்கவும் இதே எத்தனால்தான் போகிறது.

தண்ணீர்க் கணக்கு இன்னும் கலங்க வைக்கும். கரும்பு வழியாக ஒரு லிட்டர் எத்தனால் எடுக்கச் சுமார் 2,860 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. விமான எரிபொருள் ஒரு லிட்டர் என்றால் 4,700 லிட்டரைத் தாண்டும். கழிவுப்பாகு சர்க்கரையின் துணைப்பொருள், எனவே தண்ணீர் முழுவதையும் அதன் தலையில் கட்டக்கூடாது என்று வாதிடலாம். சரிதான். ஆனால் எத்தனாலுக்காகவே புதிதாகக் கரும்பு போட்டால் அந்த வாதம் நிற்காது, அதிலும் நிலத்தடியில் கடல்நீர் ஏறும் கரையோரத்தில்.

உமரிக்கு வருவோம்

நல்ல தண்ணீர் வேண்டாம், நல்ல நிலம் வேண்டாம். உமரியின் கவர்ச்சி அதுதான். அபுதாபியில் மஸ்தார் நகரில் 2 ஹெக்டேரில் வைத்த மாதிரிப் பண்ணையில் முதலில் மீன், இறால் குளம். அந்தக் கழிவுநீர் அடுத்து உமரி வயலுக்கு. மிச்சம் அலையாத்திக் காட்டுக்கு. இறால் கழிவே உரம். நம்ம ஊரிலும் பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆய்வு நிறுவனம் இந்திய உமரியை வைத்துப் பல ஆண்டுகளாக ஆராய்ச்சி செய்துவருகிறது. அதில் இருந்து தாவர உப்பும் எடுத்துக் காட்டியது.

இப்போது மரக்காணத்துக்குக் கணக்குப் போடலாம். அமெரிக்க உமரி வகையைக் கடல்நீர் பாய்ச்சி வளர்த்த சோதனைகளில், ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 2 டன் விதை கிடைத்தது. விதையில் எண்ணெய் 28 சதவீதம். அதாவது 560 கிலோ. மரக்காணம் உப்பளங்கள் 3,000 ஏக்கர் என்று வைத்தால் சுமார் 1,200 ஹெக்டேர். ஒரு பாத்திகூட விடாமல் மொத்தமும் உமரி போட்டால், எண்ணெய் 670 டன். சுத்திகரிப்பில் போவது, டீசலாகவும் மற்றதாகவும் பிரிவது போக விமான எரிபொருள் 500 டன் தேறும் என்று தாராளமாக எடுத்துக்கொள்வோம்.

சென்னை – டெல்லி ஒரு விமானம் 6 டன். 500 டன்னில் 83 விமானம் போகும். அவ்வளவுதான். சென்னை விமான நிலையத்தில் நூற்றுக்கணக்கான விமானங்கள் தினமும் வந்து போகின்றன. ஒரு கடற்கரையின் உப்பளம் முழுவதையும் ஒரு வருஷம் கொடுத்தால், அந்த விமான நிலையத்தின் ஒரு நாள் தேவைக்கே பத்தாது. 1 சதவீதக் கலப்புக்கு என்று பார்த்தால் 8,300 விமானத்துக்கு வரும், கேட்க நன்றாக இருக்கும். எப்படிச் சொன்னாலும் 500 டன் 500 டன்தான்.

பதிலுக்கு இழப்பது என்ன? மரக்காணத்தில் மழை ஓய்ந்து, தை, மாசியில் பாத்தி கட்ட ஆரம்பித்து, அடுத்த மழை வரைக்கும் உப்பு வாருவார்கள். உமரி விளையவும் ஏழெட்டு மாதம் ஆகும். வெள்ளம் நிற்கும் ஐப்பசி, கார்த்திகையில் வயல் வைக்க முடியாது. ஆக இரண்டுக்கும் அதே நிலம், அதே மாதங்கள். உப்பு எடுத்த மிச்ச நேரத்தில் உமரி என்ற பேச்சுக்கே இடமில்லை. மழைக்காலத்தில் வேலை இல்லாமல் இருக்கும் உப்பளத் தொழிலாளிக்குத் தமிழ்நாடு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கிறது. வேலை கிடைக்கும் மாதங்களையும் எடுத்துவிட்டால் அவர்களுக்கு என்ன மிஞ்சும்? விதை பொடியானது, அறுவடை சிரமம், பம்ப் வைத்துக் கடல்நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதெல்லாம் தனி.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மரக்காணம் உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. இந்த மாதிரிப் பெருமழை அடிக்கடி வரும் என்று காலநிலை விஞ்ஞானிகள் எச்சரிக்கிறார்கள். விமானத்தில் ஒருமுறைகூட ஏறாத உப்பளத் தொழிலாளி, வானத்தில் சேரும் புகைக்கு ஏற்கெனவே ஒரு விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார். புகையைக் குறைக்கும் திட்டத்துக்கும் அவர் நிலத்தையே கேட்டால் எப்படி?

இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. அரசின் தரிசு நில வரைபடங்களில் கடலோர உவர்நிலத்துக்கும் ஓர் இடம் உண்டு. 2000-களில் இதே மாதிரி ‘தரிசில் தங்கம்’ என்ற பேச்சோடு காட்டாமணக்கு வந்தது. 2003-ல் திட்டக்குழு அறிக்கை கோடி ஏக்கர் கணக்கில் இலக்கு போட்டது. தமிழ்நாட்டிலும் விவசாயிகள் நட்டார்கள். தண்ணீர் விடாத நிலத்தில் சொன்ன விளைச்சல் வரவில்லை, வாங்க ஆளும் வரவில்லை. பலரும் பிடுங்கிப் போட்டார்கள். மேலும், இங்கே தரிசு என்று தாளில் எழுதப்படும் இடத்தில் உப்பு விளைகிறது, ஆடு மேய்கிறது, பறவை வருகிறது. கழுவேலியை 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசே பறவைகள் சரணாலயமாக அறிவித்தது.

உமரியை முற்றிலும் ஒதுக்க வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. கடற்கரையில் இறால் பண்ணைகள் கழிவுநீரை அப்படியே ஓடையில் விடுகிற இடங்களில், அந்த நீரை வடிகட்ட ஒரு பட்டை உமரி வைக்கலாம். கீரைக்கும் தீவனத்துக்கும் ஆகும். எண்ணெய் கிடைத்தால் லாபம். 83 விமானத்துக்காக மட்டும் வைத்தால் கட்டுப்படியாகாது.

பஜ்ஜி எண்ணெய்

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. இதற்கு நிலமும் வேண்டாம், பாசனமும் வேண்டாம். கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக இருக்கும் ஓட்டல்கள், மீன் வறுவல் கடைகள், புதுச்சேரி விடுதிகள் எல்லாவற்றிலும் தினமும் மிஞ்சும் பொரித்த எண்ணெய். இந்தியாவின் எஸ்ஏஎஃப் உண்மையில் இப்போது தொடங்குவது இதில்தான். இந்தியன் ஆயிலின் பானிபட் சுத்திகரிப்பு ஆலைக்கு 2025 ஆகஸ்டில் சர்வதேசச் சான்றிதழ் கிடைத்தது. பழைய சமையல் எண்ணெயில் இருந்து ஆண்டுக்கு 35 ஆயிரம் டன் எஸ்ஏஎஃப் எடுப்பது திட்டம். 2027-ன் 1 சதவீத இலக்குக்கு இதுவே போதும் என்பது நிறுவனத்தின் கணக்கு.

பானிபட் ஹரியானாவில் அல்லவா இருக்கிறது, சென்னை விமானத்துக்கு எப்படி வரும்? வரத் தேவையில்லை. எரிபொருளை ஆலைக்குப் பக்கத்து விமான நிலையத்திலேயே கலந்துவிட்டு, மாசு குறைந்த கணக்கை மட்டும் பணம் கொடுத்த நிறுவனத்தின் பேரில் எழுதிக்கொள்ளும் முறை உலகில் புழங்க ஆரம்பித்திருக்கிறது. காற்றாலை மின்சாரத்துக்குச் சான்றிதழ் வாங்குவது மாதிரி. ஒரே லிட்டரை இரண்டு பேர் கணக்கு எழுதிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதுதான் இதில் கஷ்டம். சென்னையில் கலப்பதானாலும் பெரிய தடை இல்லை. மணலியில் இருந்து மீனம்பாக்கத்துக்கு விமான எரிபொருள் குழாய் ஏற்கெனவே இருக்கிறது.

எண்ணெய் சேகரிப்பில்தான் ஓட்டை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, திரும்பத் திரும்பக் காய்ச்சியதால் எண்ணெயில் உருவாகும் கெட்ட சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்க எண்ணெய் செலவழிக்கும் கடைகள் பதிவேடு வைத்து, அங்கீகாரம் பெற்றவர்களிடம் கொடுக்க வேண்டும். நடைமுறையில் பெரிய ஓட்டலின் கருத்த எண்ணெய் சின்னக் கடைக்குப் போகிறது, அங்கே இன்னும் நாலு நாள் கொதிக்கிறது. சின்னக் கடைக்காரர் கொடுக்கும் விலையைவிட எரிபொருள் ஆலை அதிகம் கொடுத்தால்தான் அந்த கேன் பாதை மாறும். 50 லிட்டருக்குக் கீழே செலவழிக்கும் ஆயிரக்கணக்கான தள்ளுவண்டிகளுக்கும் பஜ்ஜிக் கடைகளுக்கும் அந்தப் பதிவேட்டு விதி பொருந்தவும் பொருந்தாது. அவற்றிடம் இருந்து வாரம் ஒரு கேன் என்று எண்ணெய் எடுக்க உள்ளாட்சியோ சுய உதவிக் குழுவோ இறங்கினால், எண்ணெய் ஆலைக்குப் போகும். எடுத்துக் கொடுக்கிறவர்களுக்கும் கூலி நிற்கும்.